பள்ளிக்கூடத் துப்புரவும் வரவு செலவுக் கணக்கும்



ஊரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் எழும்புகிறது. அடிக்கல் நாட்டுகிறார்கள். கட்டடம் நிறைவெய்தியதும் திறப்பு விழா நிகழ்கிறது. பொருளுதவி செய்தோர் பெயர் பளிங்குக் கல்லிலே பொறிக்கப்படுகிறது. விழா முடிந்து, தோரணங்களை அவிழ்த்து, கூட்டம் கலைந்த பின்னர், தரையிலே சிதறிக் கிடக்கும் பூவையும் காகிதத்தையும் யாரோ ஒருவர் பெருக்குகிறார். கட்டடம் கட்டும் வேலை அன்றோடு முடிகிறது. பெருக்கும் வேலையோ அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முடிவே இல்லை.

கட்டடத்திற்குச் செலவு ஒருமுறை. துப்புரவுக்குச் செலவு நாள்தோறும். முன்னதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு உண்டு, பொறியாளர் மதிப்பீடு உண்டு, தணிக்கை உண்டு. பின்னதற்கு என்ன உண்டு? நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கையிலேந்திக்கொண்டு பார்ப்போமானால், இதுவரை நம் கண்ணிற் படாத பல செய்திகள் புலனாகும். துப்புரவுக்குக் கணக்கிலே இடம் இல்லாதபோது, அந்த வேலை நடவாமற் போவதுண்டு. அல்லது கணக்கில் வராத ஒருவர் தோளிலே அது போய் விழுவதுண்டு. அந்த ஒருவர் யார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பழங்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. திண்ணை வீட்டின் ஒரு பகுதி. வீட்டைப் பெருக்கினால் திண்ணையும் துப்புரவாகும். பள்ளிக்கென்று தனிக் கட்டடமும், அரசாங்கப் பணமும், ஆய்வாளரும் வந்த பின்னரே செலவுகளைத் தலைப்புத் தலைப்பாகப் பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதற்கு வித்திட்டது 1854-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் அனுப்பிய கல்வி அறிக்கை. சார்லஸ் உட் என்பார் பெயரால் அது வழங்குகிறது. தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை தரலாம் என்று கூறிய அவ்வறிக்கை, அத்தொகை பள்ளியின் பொதுச் செலவுக்கென்று வழங்கப்படலாகாது, குறிப்பிட்ட நோக்கங்களுக்கே வழங்கப்படவேண்டும் என்றும் வரையறுத்தது. ஆசிரியர் சம்பளத்தை உயர்த்துதல், மாணவர்க்கு உபகாரச் சம்பளம், பாடப் புத்தகம், சிலவிடங்களிற் கட்டடம் ஆகியன அந்நோக்கங்களாக எடுத்துக்காட்டப்பட்டன. நல்ல நோக்கங்களே, ஐயமில்லை. ஆயினும், தரையைப் பெருக்குவதும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும் அவற்றுள் இடம் பெறவில்லை.

அரசாங்கமே நடத்திய அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் துப்புரவாளருக்கான கூலி பெரும்பாலும் மற்றொரு தலைப்பிலே போய் ஒளிந்துகொண்டது. ஆங்கிலக் கணக்கில் அதன் பெயர் ‘கன்டின்ஜென்சி’. தமிழில் ‘சில்லறைச் செலவு’ என்றும் ‘எதிர்பாராச் செலவு’ என்றும் அதனைக் குறிக்கிறோம். வடநாட்டில் வாழும் தமிழர் இந்தியில் ‘ஆகஸ்மிக்’ என்ற சொல்லை அலுவலகத் தாள்களிற் கண்டிருப்பர். தற்செயலாய் நேர்வது என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல் ஒரு வியப்பை அளிக்கும். ஓட்டைக் காற்று தூக்கிச் செல்வது எதிர்பாராதது; சுவர் இடிந்து வீழ்வது எதிர்பாராதது. நூறு குழந்தைகள் நடமாடும் இடம் மாலைக்குள் அழுக்குறும் என்பதைவிட எதிர்பார்க்கத்தக்க செய்தி உலகில் வேறு உண்டோ? கதிரவன் உதிப்பதைப்போல் தவறாமல் வரும் ஒரு செலவைத் தற்செயல் என்னும் தலைப்பிலே எழுதி வைத்தோம். அத்தலைப்பில் கூலி பெற்றவர் நிலையான ஊழியராகக் கருதப்படவில்லை. பணம் குறைந்தபோது முதலில் வெட்டுப்பட்டதும் அத்தலைப்பே.

கூலி கொடுத்து ஆள் வைத்த பள்ளியிலும் நீதி இருந்தது என்று சொல்வதற்கில்லை. டாக்டர் அம்பேத்கர் தம் இளமைப் பள்ளி வாழ்வைப் பற்றி எழுதிவைத்திருக்கும் குறிப்பு இங்கே நினைக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அவர் சாத்தாராவிலே பள்ளியிற் பயின்றார். மற்ற மாணவரோடு அவர் உட்காரக் கூடாது. தனியாக ஒரு கோணித் துண்டின்மேல் அமரவேண்டும். பள்ளியைப் பெருக்குவதற்கென்றே அமர்த்தப்பட்ட வேலைக்காரர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் அந்தக் கோணியைத் தொடமாட்டார். ஆகவே அச்சிறுவன் மாலையில் அதைச் சுருட்டிக்கொண்டு வீடு செல்லவேண்டும். மறுநாட் காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால், பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர்; அவர் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை.

இச்செய்தியைப் பொதுவாகத் தீண்டாமையின் கொடுமைக்குச் சான்றாகக் கூறுவர். அது முற்றும் உண்மை. பள்ளிக் கணக்கை ஆராய்வோர்க்கு அதில் மற்றொரு பாடமும் உண்டு. துப்புரவாளருக்குச் சம்பளம் இருந்தது. ஆனால் அவருடைய துடைப்பம் எங்கே போகும், எங்கே போகாது என்பதைச் சாதி தீர்மானித்தது. பணம் ஒதுக்குவது முதற்படி. அப்பணம் பள்ளியின் ஒவ்வோர் அங்குலத்திற்கும், ஒவ்வொரு குழந்தைக்கும் பொதுவாகச் செலவாகிறதா என்று பார்ப்பது இரண்டாம் படி.

இந்த முடிச்சை அவிழ்க்க மற்றொரு வழியைக் காட்டியவர் காந்தியடிகள். 1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் நகருக்கு அருகே, ஹெர்மன் காலன்பாக் அளித்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்திலே டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. குஜராத்தியர், தமிழர், ஆந்திரர், வடநாட்டார் எனப் பலரும் அங்கே கூடி வாழ்ந்தனர். சமையல் தொடங்கி மலம் அகற்றுவது ஈறாக எல்லா வேலையையும் பண்ணையில் வாழ்ந்தவர்களே செய்தனர். வேலைக்காரர் என்று எவரும் இல்லை. அங்கு நடந்த பள்ளியில் ஒரு விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் மாணவரைச் செய்யச் சொல்லலாகாது என்பதே அது. பின்னர் 1937-இல் வார்தாவிலே உருப்பெற்ற ஆதாரக் கல்வித் திட்டமும் கைத்தொழிலையும் தூய்மையையும் கல்வியோடு இணைத்தது.

பிள்ளைகள் தம் வகுப்பறையைத் தாமே பெருக்குவதில் இழிவு என்ன என்று இன்றும் பலர் கேட்கின்றனர். இழிவு ஏதும் இல்லை. டால்ஸ்டாய் பண்ணையின் விதி அங்கே நடைமுறையில் இருக்குமானால்! தலைமையாசிரியரும் துடைப்பத்தை எடுக்கவேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளையும் வரிசையில் நிற்கவேண்டும். முறை எல்லோருக்கும் சுற்றிவர வேண்டும். அவ்வாறின்றி, குறிப்பிட்ட சில பிள்ளைகளை மட்டும் அழைத்துக் கழிப்பறையைக் கழுவச் சொல்வது கல்வியாகாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் கர்நாடக மாநிலத்துக் கோலார் மாவட்டத்தில் உறைவிடப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் மலக்குழியைத் துப்புரவு செய்ய இறக்கப்பட்டனர் என்ற செய்தி நாட்டையே தலைகுனியச் செய்தது. பொறுப்பாளர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இலும், அதனினும் விரிவான சட்டம் 2013-இலும் இயற்றப்பட்ட நாட்டிலே இது நிகழ்ந்தது. கணக்கிலே எழுதப்படாத கூலி கடைசியில் யார் தலையில் விடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டவும் வேண்டுமோ?

இனி, சுதந்தரம் பெற்ற பின்னர் நடந்தவற்றைப் பார்ப்போம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-இல் கரும்பலகைத் திட்டம் தொடங்கிற்று. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகள் ஆகியவை வேண்டும் என்றது அத்திட்டம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தனித்தனிக் கழிப்பறைகளையும் பாதுகாப்பான குடிநீரையும் கட்டாயமாக்கிற்று. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதங்களுக்குள் கழிப்பறையும் குடிநீரும் அமையவேண்டும் என்று ஆணையிட்டது.

இவ்வளவும் பெருமைக்குரியனவே. ஆயினும் அந்த அட்டவணையை ஒருமுறை ஊன்றிப் படிப்பவர் ஒன்றைக் காண்பார். எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர் என்று அதில் உண்டு; சமையலறை உண்டு; விளையாட்டிடம் உண்டு; சுற்றுச் சுவரும் உண்டு. எத்தனை கழிப்பறைக்கு எத்தனை துப்புரவாளர் என்பது மட்டும் இல்லை. சட்டம் பொருளைக் கேட்டது. அப்பொருளைப் பேணும் கையைக் கேட்க மறந்தது.

அம்மறதியின் பயனை அடுத்த சில ஆண்டுகளிலேயே கண்டோம். 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் செங்கோட்டையிலிருந்து பிரதமர் விடுத்த அறிவிப்பைத் தொடர்ந்து, ஓராண்டிற்குள் 2 இலட்சத்து 61 ஆயிரம் பள்ளிகளில் 4 இலட்சத்து 17 ஆயிரம் கழிப்பறைகள் அமைக்கப்பட்டன என்று அரசு கணக்குக் காட்டியது. அவற்றுள் ஒரு பகுதியைக் கட்டும் பொறுப்பை மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் ஏற்றன. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை பராமரிக்கும் கடமையும் அவற்றைச் சார்ந்தது. இந்தியக் கணக்காய்வுத் தலைவர் பதினைந்து மாநிலங்களில் நேரிற் பார்வையிடச் செய்து அளித்த அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. ஆய்வாளர் கண்ட 2,326 கழிப்பறைகளுள் 691 பயன்பாட்டிலேயே இல்லை. 1,812 கழிப்பறைகளிற் பராமரிப்பும் துப்புரவும் குறைவாக இருந்தன. அவற்றுள் 715 துப்புரவு செய்யப்படவே இல்லை. எஞ்சிய 1,097-ஐ வாரத்திற்கு இருமுறை முதல் மாதத்திற்கு ஒருமுறை வரையில் கழுவி வந்தனர். நாளுக்கு ஒருமுறையேனும் கழுவவேண்டும் என்பது விதி.

மாதத்திற்கு ஒருமுறை கழுவப்படும் கழிப்பறை யாருக்குப் பயன்படும்? காலை முதல் மாலை வரை தண்ணீர் குடியாமலே இருந்துவிடும் சிறுமிக்கு அதனால் என்ன பயன்? பருவமெய்திய பெண் மாதத்திற் சில நாட்கள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறாள் என்றால், அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று ஆசிரியர் குறிப்பார். துப்புரவுக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த பணத்தை அவளிடமிருந்தே வசூலித்தோம் என்பதை அந்தப் பதிவேடு காட்டாது.

பள்ளிக்கு முந்திய பருவத்துக் குழந்தைகளின் நிலை யாது? 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கிற்று. அங்கன்வாடி ஒவ்வொன்றிலும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருப்பர். குழந்தைகளை அழைத்துவருதல், உணவு சமைத்தல், இடத்தைத் துப்புரவாக வைத்தல் ஆகியவை உதவியாளரின் பணிகள். ஆகவே, துப்புரவுக்கென்று ஒரு மனிதர் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்ட இடம் அங்கன்வாடி எனலாம். ஆனால் அவருக்கு வழங்கப்படுவதன் பெயர் ஊதியம் அன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் மத்திய அரசு உதவியாளரின் மதிப்பூதியத்தை மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாக உயர்த்தியது. மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்து அளிக்கின்றன. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ‘மதிப்பு’ என்ற சொல்லால் மட்டும் முதுமையில் அடுப்பெரியாது என்பதை நீதிமன்றம் உணர்ந்தது போலும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2018-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், மாணவர் தொகைக்கேற்பப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு மானியம் உண்டு. நூறு மாணவர் உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய். 250-க்கு மேல் ஆயிரம் வரை உள்ள பள்ளிக்கு 75,000 ரூபாய் என்பது விதி. அதில் பத்தில் ஒரு பங்கையேனும் தூய்மைப் பணிக்குச் செலவிடவேண்டும். பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு? சிறிய பள்ளிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். பெரிய பள்ளிக்கு 7,500 ரூபாய்.

இதனோடு ஓர் ஆளின் கூலியை ஒப்பிடுவோம். ஒரு பேச்சுக்காக, துப்புரவாளர் ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு வேலை தருவோர் பங்கு நூற்றுக்கு 12; அதாவது 1,200 ரூபாய். ஊழியர் காப்பீட்டுக்கு நூற்றுக்கு 3.25, அதாவது 325 ரூபாய். ஆக மாதம் 11,525. ஆண்டுக்கு 1,38,300 ரூபாய். துடைப்பம், வாளி, கையுறை, கிருமிநாசினி ஆகியவற்றின் விலை இதில் இன்னும் சேரவில்லை. பெரிய பள்ளிக்குக் கட்டாயமாக்கப்பட்ட 7,500 ரூபாய், ஓர் ஆளின் ஒரு மாதக் கூலிக்கே போதாது. அத்தொகை கிருமிநாசினி வாங்க உதவும். அதைத் தெளித்துக் கழுவும் கைக்கு உதவாது.

இவ்வுண்மையை உணர்ந்து, சில மாநிலங்கள் தனிவழி கண்டன. ஆந்திரப் பிரதேசத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வழங்கும் ‘அம்ம ஒடி’ திட்டம் 2020-இல் தொடங்கியது. 2021-இல் அதிலிருந்து 1,000 ரூபாய் கழிக்கப்பட்டுக் கழிப்பறைப் பராமரிப்பு நிதியிற் சேர்ந்தது. அந்நிதியைக் கொண்டு மாதம் 6,000 ரூபாயில் ஆயாக்கள் அமர்த்தப்பட்டனர். 2022-இல் பள்ளிப் பராமரிப்புக்கு மேலும் ஓர் ஆயிரம் கழிக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின்னர், 2025-இல் ‘தல்லிகி வந்தனம்’ என்ற பெயரால் வந்த திட்டத்திலும் தாய்க்கு 13,000 ரூபாயும் பள்ளிப் பராமரிப்புக்கு 2,000 ரூபாயும் எனப் பிரித்தனர். ஆட்சிகள் மாறினும் அந்தச் செலவு மாறவில்லை என்பதைக் காண்கிறோம். தாயின் உதவித்தொகையிலிருந்து பள்ளிக் கழிப்பறைக்கு எடுப்பது முறையா என்ற கேள்வி எழாமற் போகாது. ஆனால் கழிப்பறைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும் என்ற உண்மையை அங்கே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

தெலங்கானா அரசு 2024-இல் வேறொரு முறையை வகுத்தது. மாணவர் முப்பதின்மர் வரை உள்ள பள்ளிக்கு மாதம் 3,000 ரூபாய். நூற்றுவர் வரை 6,000. 250 வரை 8,000. 500 வரை 12,000. 750 வரை 15,000. அதற்கு மேல் 20,000 ரூபாய். பத்து மாதத்திற்கு 136 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நூறு மாணவர் உள்ள பள்ளியையே எடுத்துக்கொள்வோம். தொகுப்பு மானியத்தின் கட்டாயப் பங்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். தெலங்கானாவின் ஒதுக்கீடு பத்து மாதத்திற்கு 60,000 ரூபாய். முழுநேர ஆளுக்கு இதுவும் போதாது என்பது மெய்யே. எனினும் ‘எதிர்பாராச் செலவு’ என்ற திரை இங்கே விலகிற்று. துப்புரவு, மாதந்தோறும் எதிர்பார்க்கப்படும் செலவாயிற்று.

நகரங்களில் இன்று தொழில்முறை நிறுவனங்களிடம் ஒப்பந்தமாக இவ்வேலையை விடும் வழக்கம் பெருகி வருகிறது. அதில் நன்மை உண்டு. இயந்திரமும் பயிற்சியும் ஒழுங்கும் வரக்கூடும். தீமையும் உண்டு. மிகக் குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்று முடிவு செய்தால், அந்த விலை சட்டப்படியான கூலிக்கே எட்டாமற் போகலாம். அப்போது வேலையாளின் வயிறு குறையும், அல்லது வேலை குறையும். ஆகவே மதிப்பீடு கீழிருந்து மேலாக எழவேண்டும். அறைகள் எத்தனை, கழிப்பறைகள் எத்தனை, நாளுக்கு எத்தனை முறை கழுவவேண்டும், அதற்கு எத்தனை பேர், அவர்களுக்குச் சட்டப்படி எவ்வளவு கூலி, வைப்பு நிதியும் காப்பீடும் எவ்வளவு, விடுப்பெடுத்தால் மாற்று ஆள் யார், கையுறையும் காலணியும் எத்தனை இணை என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டவேண்டும். தொகையை முதலில் எழுதிவிட்டு அதற்குள் மனிதரை அடைப்பது மதிப்பீடு ஆகாது.

தில்லியிலோ, மும்பையிலோ, ஐதராபாத்திலோ, பெங்களூரிலோ வாழும் தமிழ்ப் பெற்றோர், ‘பிற மாநிலத்துப் பள்ளியில் நாம் என்ன கேட்க முடியும்?’ என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளிகளில் அமையும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். தாய்மொழி எது, சொந்த ஊர் எது என்று அச்சட்டம் கேட்பதில்லை. 22-ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் கடமை அக்குழுவினுடையது. அரசு தரும் மானியத்திற்கு அத்திட்டமே அடிப்படை. அத்திட்டத்தில் ‘துப்புரவாளர் ஊதியம்’ என்று ஒரு வரியை எழுதுவிக்க முடியும். தனியார் பள்ளியிற் பிள்ளையைச் சேர்த்தோரும், கட்டணச் சீட்டில் பராமரிப்புக்கென்று வாங்கும் தொகையில் துப்புரவாளர் கைக்கு எவ்வளவு சேர்கிறது என்று பெற்றோர் கூட்டத்திலே வினவலாம்.

நேயர்களே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த வரி எழுதப்படாமலே இருந்தது. எழுதப்படாததால் அச்செலவு இல்லாமற் போகவில்லை. சாத்தாராவில் கோணியைச் சுமந்த சிறுவனும், கோலாரில் குழிக்குள் இறக்கப்பட்ட மாணவரும், இன்று மாலைவரை தண்ணீர் அருந்தாமல் இருக்கும் சிறுமியும் அதனைச் செலுத்தினார்கள். அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் செல்லும்போது, திறப்பு விழாக் கல்லிலே பொறித்த பெயர்களைப் படித்துவிட்டு அவ்வளவில் திரும்பிவிடாதீர்கள். அங்கே பெருக்குபவரின் பெயர் என்ன, அவருக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு சம்பளம் என்று கேளுங்கள். விடை சொல்ல ஒருவரும் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் எழுதப்படவேண்டிய வரி எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.